எவ்வளவு காலமாக இப்படி?



திருப்பலி முடிந்ததும் கோயில் வாசலில் நின்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்கிறோம். "எப்படிம்மா இருக்கீங்க?" என்று நான் கேட்பேன். "இருக்கேன் ஃபாதர், உங்க செபத்துல" என்று பதில் வரும். சிலர் முழங்காலைத் தடவிக்கொண்டே அதைச் சொல்கிறீர்கள். சிலர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு சொல்கிறீர்கள். பின்னால் அடுத்தவர் நிற்கிறார், எனக்கும் கிளைப்பங்கில் அடுத்த பூசைக்கு நேரமாகிறது. கேள்வியும் பதிலும் அங்கேயே முடிந்துவிடுகின்றன. இன்று பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாள். இந்த நாளை உலக நோயாளர் நாளாகப் புனித இரண்டாம் யோவான் பவுல் 1992-இல் ஏற்படுத்தினார். 1993 முதல் திருச்சபை முழுவதும் கொண்டாடி வருகிறது. வாசலில் நாம் கேட்காமல் விட்டுவிடுகிற இரண்டாவது கேள்வியைப் பற்றி இன்று உங்களோடு கொஞ்சம் பேச விரும்புகிறேன்.

இரண்டு நாள் காய்ச்சலைப் பற்றியோ ஆறிவிடுகிற காயத்தைப் பற்றியோ நான் பேசவில்லை. போகாமல் தங்கிவிடுகிற வலியைப் பற்றிப் பேசுகிறேன். உப்பளத்தில் குனிந்து வாரி வாரி ஓய்ந்த இடுப்பு. பீடி சுற்றிச் சுற்றி நிமிர மறுக்கிற கழுத்து. சிக்குன்குனியா வந்துபோய் மாதக்கணக்கான பிறகும் காலையில் மடங்காத விரல்கள். சர்க்கரை நோயால் இரவெல்லாம் எரியும் பாதங்கள். அக்கி ஆறிய இடத்தில் ஆறாத எரிச்சல். முடக்குவாதம், ஒற்றைத் தலைவலி. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கிற, அல்லது திரும்பத் திரும்ப வருகிற வலியை மருத்துவர்கள் நாள்பட்ட வலி என்கிறார்கள். முதல் வாரத்தில் வீடே கூடி நின்று கவனிக்கிறது, கஞ்சி வருகிறது, தைலம் வருகிறது. ஆறு மாதம் கடந்தால் வீடு பழகிக்கொள்கிறது. பழகிக்கொள்ள முடியாதவர் அந்த வலியைச் சுமக்கிறவர் ஒருவர்தான். நம் வீட்டில் அப்படி யாராவது இருக்கிறார்களா? அவரிடம் அதைப் பற்றி நாம் கடைசியாகக் கேட்டது எப்போது?

மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் மலையிலிருந்து இறங்கி வருகிறார். கீழே ஒரே கூச்சல். மறைநூல் அறிஞர்கள் ஒரு பக்கம் வாதாடுகிறார்கள், சீடர்கள் முடியாமல் கைபிசைந்து நிற்கிறார்கள், நடுவில் ஒரு தகப்பன் தன் நோயுற்ற மகனோடு தவித்துக்கொண்டிருக்கிறான். பையன் தரையில் விழுந்து புரள்கிறான். ஒரு சொல்லில் அவனைக் குணமாக்க ஆண்டவரால் முடியும். ஆனால் அவர் முதலில் அந்தத் தகப்பனைப் பார்த்து, இது இவனுக்கு எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்கிறார். எல்லாம் அறிந்த இறைமகனுக்குத் தகவல் எதுவும் தேவைப்படவில்லை. கேட்கப்படுவது அந்தத் தகப்பனுக்குத் தேவைப்பட்டது. குழந்தைப் பருவத்திலிருந்தே என்கிறான் அவன். தீயில் விழுந்ததையும் தண்ணீரில் விழுந்ததையும் சொல்கிறான், அந்தப் பேச்சின் முடிவில், உம்மால் ஏதாவது இயலுமானால் இரங்கும் என்று அவன் உள்ளத்தில் தேங்கிக் கிடந்ததும் வெளியே வந்துவிடுகிறது. அந்தக் கேள்வி இல்லாமல் அந்த மன்றாட்டு வந்திருக்குமா?

சகோதரர்களே, சகோதரிகளே, இந்தக் கேள்வியை மருத்துவ உலகமும் இப்போது கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. அதை நான் மகிழ்ச்சியோடு உங்களுக்குச் சொல்கிறேன். ஹோவர்ட் லெவந்தால் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980 வாக்கில் ஓர் உண்மையை எடுத்துரைத்தார். நோயுற்ற எவரும் தன் நோயைப் பற்றித் தனக்குள் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்: இது என்ன, எதனால் வந்தது, எவ்வளவு நாள் இருக்கும், என்னை என்ன செய்யும், இதைத் தீர்க்க வழி உண்டா என்று. மருத்துவர் சொல்வதைவிட அந்த உள்விளக்கமே அவர் மாத்திரை எடுப்பதையும் நடப்பதையும் முடங்குவதையும் பெரிதும் தீர்மானிக்கிறது. அந்த விளக்கத்தை அளப்பதற்காக ஜான் வைன்மன், கீத் பெட்ரீ ஆகியோரும் அவர்களுடைய தோழர்களும் 1996-இல் ஒரு வினாத்தாள் உருவாக்கினார்கள். அது நீளமானது. வலியில் துடிக்கிற ஒருவரால் நீண்ட தாளை நிரப்ப முடியுமா? 2006-இல் அதை ஒன்பதே கேள்விகளாகச் சுருக்கினார்கள். முதுகுவலி, மூட்டுவலி என்று நெடுநாள் வருந்துகிறவர்களிடம் உலகின் பல மொழிகளில் இன்று அது கேட்கப்படுகிறது.

அந்தக் கேள்விகளின் பொருளை மட்டும் என் வார்த்தைகளில் சொல்கிறேன். அவசரமில்லாமல் கேளுங்கள். உங்கள் நோய் உங்கள் வாழ்வை எவ்வளவு பாதிக்கிறது? இது எவ்வளவு காலம் தொடரும் என்று நினைக்கிறீர்கள்? இதன்மேல் உங்களுக்கு எவ்வளவு பிடி இருக்கிறது? சிகிச்சை எவ்வளவு உதவும்? உடம்பில் எவ்வளவு தொல்லையை உணர்கிறீர்கள்? இதைப் பற்றி எவ்வளவு கவலைப்படுகிறீர்கள்? இந்த நோய் உங்களுக்கு எவ்வளவு புரிகிறது? உங்கள் மனத்தை எவ்வளவு வாட்டுகிறது? இந்த எட்டுக்கும் பூச்சியத்திலிருந்து பத்துவரை ஓர் எண்ணைக் குறிக்க வேண்டும். ஒன்பதாவது கேள்விக்கு எண் கிடையாது. உங்களுக்கு இந்த நோய் வரக் காரணம் என்று நீங்கள் நம்பும் மூன்றை வரிசையாக எழுதச் சொல்கிறார்கள்.

இதில் எந்தக் கேள்விக்கும் சரியான விடை, தவறான விடை என்று இல்லை. யாரும் திருத்தி மதிப்பெண் போடுவதில்லை. அவர் தன் நோயை எப்படிக் காண்கிறார் என்பதை அவர் வாயிலிருந்தே அறிந்துகொள்வதுதான் நோக்கம். இந்த ஒன்பதில் ஒன்றையாவது நம் வீட்டில் படுத்திருக்கிற அம்மாவிடம் நாம் கேட்டிருக்கிறோமா? "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டிருப்போம். அதுவும் அன்புதான், குறை சொல்லவில்லை. ஆனால் "இது எவ்வளவு நாள் இருக்கும்னு நினைக்கிறீங்கம்மா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்திருக்கிறோமா?

வலியை எண்ணுக்குள் அடக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முழுவதும் முடியாது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் ரொனால்டு மெல்சாக் என்ற அறிஞர் நோயாளிகள் வலியைச் சொல்லும் சொற்களைத் திரட்டினார். 1975-இல் 78 சொற்களை 20 தொகுதிகளாக்கி ஒரு வினாத்தாள் வெளியிட்டார். நம் மக்களிடமும் அந்த வளம் இருக்கிறது. குத்துது, குடையுது, கடுக்குது, எரியுது, சுண்டி இழுக்குது, வெட்டி வெட்டி இழுக்குது, மரத்துப்போகுது என்று எத்தனை விதமாகச் சொல்கிறீர்கள்! ஒவ்வொன்றும் மருத்துவருக்கு வெவ்வேறு செய்தி தருகிறது. எரிகிறது என்றால் நரம்பைப் பார்க்க அவருக்குத் தோன்றும். ஆகவே மருத்துவமனையில் "வலிக்குது" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். உள்ளபடி சொல்லுங்கள். அப்படிச் சொல்வது முறையிடுவதோ பொறுமையின்மையோ ஆகாது. பன்னிரண்டு ஆண்டு இரத்தப்போக்கால் வருந்திய பெண்ணை நினைத்துப் பாருங்கள். மருத்துவர் பலரிடம் போய், உள்ளதையெல்லாம் செலவழித்து, இன்னும் மோசமானவள். ஆண்டவருடைய ஆடையைத் தொட்டாள், குணமானாள். அதோடு அவர் போயிருக்கலாம். அவரை வீட்டுக்கு அழைத்துப்போகும் யாயிரின் மகள் சாகும் தறுவாயில் இருக்கிறாள், ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். ஆனாலும் ஆண்டவர் நின்றார். அவள் நடுங்கியபடி முன்வந்து நிகழ்ந்த உண்மை முழுவதையும் சொல்லும்வரை நின்றார் என்கிறது நற்செய்தி. பிறகு அவளை மகளே என்று அழைத்தார். நம்முடைய நீண்ட கதைக்காகவும் அவர் நிற்கிறார். அவருக்கு நேரம் இருக்கிறது.

இப்போது அந்த ஒன்பதாவது கேள்விக்கு வருகிறேன். என் உள்ளத்தை மிகவும் தொடுவது அதுதான். காரணம் என்னவென்று எழுதச் சொன்னால் நாம் என்ன எழுதுவோம்? வேலைப் பளு, வயது, பரம்பரை என்று சிலர் எழுதுவோம். இன்னும் சிலர் வெளியில் எதையாவது எழுதிவிட்டு உள்ளே வேறொன்றை வைத்திருப்போம். மாமியாரைக் கவனிக்காமல் விட்ட பாவம். கலைத்துவிட்ட குழந்தை. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு செலுத்தாமல் விட்ட காணிக்கை. யாரோ வைத்த செய்வினை. யாரையும் மனத்தில் வைத்து நான் பேசவில்லை. இது எல்லாப் பங்கிலும் உள்ள சுமை. வலியின் மேல் இன்னொரு வலியாக இது ஏறி உட்கார்ந்திருக்கிறது, எந்த ஸ்கேனிலும் தெரிவதில்லை. மூட்டு தேய்ந்ததை மருத்துவரிடம் சொல்லலாம், "கடவுள் என்னைத் தண்டிக்கிறார்" என்பதை யாரிடம் சொல்வது?

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டதும் சீடர்கள் இந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள். பாவம் செய்தது இவரா, இவர் பெற்றோரா என்று. அந்த மனிதர் அருகிலேயே இருக்கிறார், அவருக்குக் கண்தான் தெரியாது, காது கேட்கும். எத்தனை ஆண்டுகளாக இதைக் கேட்டுக்கேட்டு அவரும் நம்பியிருப்பார்! ஆண்டவர் சுற்றிவளைக்கவில்லை. இவரும் இல்லை, இவர் பெற்றோரும் இல்லை என்றார். யோபுவின் நண்பர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள், அது அருமையான அன்பு. வாயைத் திறந்தபோதுதான், நீ ஏதோ செய்திருக்கிறாய் என்று தொடங்கினார்கள். இறுதியில் கடவுள் கோபம் கொண்டது யோபுவின்மேல் இல்லை, அந்த நண்பர்கள்மேல்தான். 1984-ஆம் ஆண்டு இதே பிப்ரவரி 11 நாளிட்டு, மனிதத் துன்பத்தைப் பற்றித் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒரு மடல் எழுதினார். துப்பாக்கிக் குண்டு அவர் உடலைத் துளைத்து அப்போது மூன்று ஆண்டுகள்கூட நிறைவடைந்திருக்கவில்லை. எல்லாத் துன்பமும் குற்றத்துக்கான தண்டனை என்பது உண்மையில்லை என்று யோபுவைச் சுட்டிக்காட்டி அதில் தெளிவாக எழுதியிருக்கிறார். உண்மையிலேயே ஏதாவது பாவம் உங்கள் மனத்தை அரிக்கிறதென்றால் ஒப்புரவு அருளடையாளத்துக்கு வாருங்கள், அது அங்கே முடிந்துபோகும். மன்னித்துவிட்ட பாவத்துக்காகக் கடவுள் உங்கள் முழங்காலில் வட்டி வசூலிக்கிறவர் அல்லர்.

இன்னொரு சுமையும் இருக்கிறது, நம்பப்படாமல் போவது. எக்ஸ்ரே எடுக்கிறார்கள், எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள், "ஒன்றும் இல்லை" என்று வருகிறது. செய்தி கேட்டு வீட்டார் மகிழ்கிறார்கள், வலிக்கிறவர் தனியாகிவிடுகிறார். அடுத்த நாளிலிருந்து "சும்மா சொல்றா" என்ற பேச்சு மெல்லத் தொடங்குகிறது. எழுந்தேற்றத்தின்போது முழந்தாளிட முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை நாம் திரும்பிப் பார்க்கிறோம். காயம் ஆறிய பிறகும் நரம்புகளும் மூளையும் வலியைத் தொடர்ந்து எழுப்பிக்கொண்டே இருக்க முடியும் என்று இன்று அறிவியல் சொல்கிறது. கயிற்றை விட்டபின்னும் நம் கோயில் மணி நெடுநேரம் ஒலித்துக்கொண்டிருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒலி கற்பனை அல்ல. மெல்சாக்கும் பேட்ரிக் வால் என்ற அறிஞரும் 1965-லேயே, முதுகுத்தண்டில் வலிச் செய்திக்கு ஒரு வாயில் இருக்கிறது, மூளையிலிருந்து இறங்கி வரும் செய்திகளும் அதைத் திறக்கவும் மூடவும் செய்கின்றன என்று விளக்கினார்கள். வலி ஆய்வுக்கான உலகச் சங்கம் 2020-இல் வலியின் வரையறையைத் திருத்தி எழுதியபோது, தனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று சேர்த்தே எழுதியது. அறிஞர்கள் இதை எழுதி வைத்துவிட்டார்கள். உயிர்த்த ஆண்டவரின் காயத்தைக் கண்டு நம்பிய தோமா நம் மண்ணுக்கு வந்தவர் என்பது நம் மரபு, அவர் வழிவந்த நாம் அடுத்தவர் காயத்தை நம்பத் தயங்கலாமா?

நோயை எப்படிக் காண்கிறோம் என்பதால் என்ன மாறிவிடும் என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் கீல் பல்கலைக்கழகத்தார் முதுகுவலிக்காக ஊர் மருத்துவரிடம் வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2008-இல் அதை வெளியிட்டார்கள். இது நெடுங்காலம் தீராது, வாழ்க்கையையே கெடுத்துவிடும், என்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று எண்ணியவர்கள் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது மற்றவர்களைவிட அதிகம் சிரமப்பட்டார்கள். இதைச் சொல்லும்போதே பயந்து பயந்து சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தவறாக எடுத்து நோயாளியின் தலையிலேயே போட்டுவிட முடியும். "நீ சரியா நினைக்கல, அதான் சரியாகல" என்றும், "உனக்கு விசுவாசம் பத்தல" என்றும் சொல்லிவிடாதீர்கள். அது யோபுவின் நண்பர்கள் பேச்சு. அந்த ஆய்வு நமக்குச் சொல்வது வேறு: அச்சமும் தெரியாமையும் தனிமையும் வலியோடு கூட்டுச் சேர்கின்றன, பக்கத்தில் இருக்கிறவர்களால் அவற்றைக் குறைக்க முடியும். நோயைப் புரியும்படி விளக்கும் மருத்துவர், "வாங்க, தெருமுனை வரைக்கும் நடப்போம்" என்று கைகொடுக்கும் பேரன், இருவரும் அவற்றைக் குறைக்கிறார்கள். பெத்சதா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டுகளாகக் கிடந்தவரிடம், நலம் பெற விரும்புகிறீரா என்று ஆண்டவர் கேட்டபோது அவர் ஆம் என்றுகூடச் சொல்லவில்லை. என்னை இறக்கிவிட ஆள் இல்லை என்றுதான் சொன்னார். ஏன் இப்படிப் பேசுகிறாய் என்று ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. நம்பிக்கை வற்றிய பதிலையும் ஏற்றுக்கொண்டு அவரை எழுப்பினார்.

சிலருக்கு எழுந்து நடக்கிற வரம் கிடைப்பதில்லை. அதையும் மறைக்காமல் பேச வேண்டும். 1858-இல் லூர்து நகரில் அன்னையைக் கண்ட பெர்னதெத்துக்கு ஆஸ்துமா இருந்தது, அது அவரை விடவில்லை. பின்னாளில் நெவேர் நகரக் கன்னியர் மடத்தில் முழங்காலில் காசநோய் பரவி, படுக்கையிலேயே துன்புற்று, 1879-இல் தம் 35-ஆம் வயதில் இறந்தார். எத்தனையோ பேருக்கு நலம் தந்த அந்த ஊற்றைத் தம் கையால் தோண்டியவர் அவர். அவருடைய விசுவாசம் போதவில்லை என்று யார் சொல்லத் துணிவார்? பவுலடியார் தம் உடலில் தைத்த முள்ளை எடுக்கும்படி மூன்று முறை மன்றாடினார். முள் போகவில்லை. ஆனால் பதில் வந்தது, அருள் வந்தது, நான் உன்னோடு இருக்கிறேன் என்கிற துணை வந்தது. இது எவ்வளவு காலம் தொடரும் என்ற கேள்விக்கு "சாகிறவரை" என்று எழுத வேண்டியிருக்கிற சகோதரியே, சகோதரனே, உங்கள் பக்கத்தில் இந்தப் பெரியவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதற்காக மருந்தை ஒதுக்கிவிடாதீர்கள். வலியைக் குறைத்துக்கொண்டால் சிலுவையைத் தட்டிக்கழித்ததாகிவிடுமோ என்று நம் பெரியவர்கள் சிலர் நினைக்கிறார்கள். இதே கேள்வியை மயக்க மருத்துவர்கள் திருத்தந்தை பன்னிரண்டாம் பயசிடம் கேட்டார்கள். 1957 பிப்ரவரி 24 அன்று அவர் பதிலளித்தார்: வலியைத் தணிக்கும் மருந்தை மறுக்க வேண்டும் என்ற பொதுக் கடமை கிறிஸ்தவருக்கு இல்லை. ஆகவே நிம்மதியாக மருத்துவரிடம் போங்கள். மெடிக்கலில் நீங்களாக வாங்கித் தினமும் போடுகிற வலி மாத்திரை மட்டும் வேண்டாம், அது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற பெண்மணி இருந்தார், ஆங்கிலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர். செவிலியாக இருந்தவர், முதுகுவலியால் அந்தப் பணியை விட நேர்ந்தது. பிறகு மருத்துவராகி, இறக்கும் நிலையிலுள்ள நோயாளிகளுக்காக 1967-இல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார். உடலும் மனமும் குடும்பமும் ஆன்மாவும் சேர்ந்தே வலிக்கின்றன என்று உலகுக்குச் சொன்னவர் அவர். நோயாளிகளின் அருகில் உட்கார்ந்து, அவர்களைப் பேசவிட்டு, அவர்கள் சொன்னதைக் கேட்டுக் கற்றுக்கொண்ட பாடம் அது.

சிறிது நேரத்தில் நோயில்பூசுதல் அருளடையாளம் வழங்கப்படும். முன்பு இதை அவஸ்தைப்பூசுதல் என்று சொல்லி, சாமியார் எண்ணெயோடு வந்தால் சாவு வந்துவிட்டது என்று பயந்தோம். அந்தப் பயம் வேண்டாம். கடும் நோயால் வருந்துகிறவர்களும் முதுமையால் தளர்ந்தவர்களும் பெறலாம், நோய் கூடினால் மறுபடியும் பெறலாம். ஆயர் புனிதப்படுத்திய எண்ணெயை உங்கள் நெற்றியிலும் கைகளிலும் பூசுவேன். எங்கே வலிக்கிறது என்று என் காதருகே சொல்ல விரும்பினால் சொல்லுங்கள்.

வர முடியாமல் வீட்டில் இருப்பவர்களின் பெயரை அன்பியப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் இந்த வாரம் முழுவதும் வீடு வீடாகச் செல்கிறார்கள். அவர்களுக்கு என் வேண்டுகோள் இது. இரண்டு பேராகப் போங்கள், கூட்டமாக நுழைய வேண்டாம். பழமும் ரொட்டியும் கொண்டுபோங்கள், செபமாலை சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன், எவ்வளவு காலமாக இப்படி இருக்கிறது, எதனால் வந்ததென்று நினைக்கிறீர்கள், எது அதிகம் பயமாக இருக்கிறது என்று ஆற அமரக் கேளுங்கள். இடையில் அறிவுரை சொல்லாதீர்கள். உங்கள் சித்திக்கு எந்த எண்ணெயில் குணமானது என்பதும் அப்போது வேண்டாம். பதில் நீண்டுகொண்டே போனால், அடுத்த வீட்டை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.